கப்பல் கொதிகலன் அறையில் வேலை பார்த்த அப்பாவுக்கு நெஞ்சில் நீர்: என் பதில்

அப்பா 1970களில் கடற்படைக் கப்பலின் கொதிகலன் அறையில் இருந்தார், இப்போது நுரையீரலைச் சுற்றி நீர், எடுத்த நீரில் புற்றணு இல்லை என்கிறீர்கள். தயவுசெய்து அதோடு நின்றுவிடாதீர்கள். மீசோதெலியோமா, அதாவது பெரும்பாலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய், இருந்தாலும் நீர்ப் பரிசோதனையில் பல நேரம் தெரியாது. கான்ட்ராஸ்ட் மருந்து போட்ட சிடி ஸ்கேன் எடுத்தபின், தோரகோஸ்கோபி வழியே (நெஞ்சுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்து) நுரையீரல் உறையில் பயாப்சிக்குச் சிறு சதைத் துணுக்கு எடுப்பது பற்றி நெஞ்சக மருத்துவரிடம் கேளுங்கள். இத்தனை ஆண்டு ஆகிவிட்டதே என்று தள்ளிவிட முடியாது. கல்நார்த் தூசியைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டு கழித்துத்தான் பெரும்பாலும் இந்த நோய் தலைகாட்டும்.

'கடற்படை' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. எந்த ஆண்டுகள், எந்த அறை, குழாய்களில் சுற்றிய கல்நாரைப் பிய்த்தாரா, குழாய் மூட்டுகளில் கசிவைத் தடுக்க வைத்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டினாரா என்று எழுதிக் கொடுங்கள். பணிப் பதிவேட்டின் நகலையும் இப்போதே வாங்கிவிடுங்கள். அவர் உடைகளைத் துவைத்தவர் அம்மா என்றால் அவரும் அந்தத் தூசியைச் சுவாசித்திருப்பார். மூச்சிரைப்பு இருந்தால் அவரையும் காட்டுங்கள்.