வோல்டேஜ் குறைந்தால் பில்லும் குறையுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 1500 வாட்ஸ் ஹீட்டர் ராடு இருக்கிறது. மார்கழி பிறந்துவிட்டால் காலையில் கரண்ட் கம்மியாகத்தான் வருகிறது, ஸ்டெபிலைசரில் 180 காட்டுகிறது. கம்மி கரண்டில் ஓடினால் பில்லும் கம்மியாகத்தானே வர வேண்டும்? ஆனால் கால் மணி நேரத்தில் சுடுகிற பக்கெட் தண்ணீருக்கு இப்போது அரை மணி நேரம் ஆகிறது. ராடு போய்விட்டதா?
- வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: ராடுக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா, அவசரப்பட்டுப் புதிது வாங்கிவிடாதீர்கள். நம் பக்கத்தில் கரண்ட் என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்கிறோம். வோல்டேஜ் இறங்கினால் 'கரண்ட் கம்மி', ஒயரில் ஓடுகிற ஆம்பியரும் கரண்ட், ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கட்டுவதும் 'கரண்ட் பில்'. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் உங்கள் கேள்விக்கான கணக்கு ஒரு துண்டுத் தாளில் முடிந்துவிடும்.

ராடில் 230 வோல்ட், 1500 வாட்ஸ் என்று அச்சடித்திருப்பார்கள். வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 1500 வகுத்தல் 230, சுமார் 6.5. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 230 வகுத்தல் 6.5, 35 ஓமுக்குச் சற்று மேல். இந்த 35 ஓம்தான் ராடின் சொந்தக் குணம், வெளியே வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது பெரிதாக மாறாது. இப்போது 180 வோல்ட் கொடுங்கள். 180 வகுத்தல் 35.3, ஆம்பியர் 5.1 ஆகிவிட்டது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 918 வாட்ஸ். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது, ஏனென்றால் வோல்ட் இறங்கும்போது ஆம்பியரும் கூடவே இறங்குகிறது.

பில்லுக்கு வருவோம். 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 0.44 யூனிட் (ஆயிரம் வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) வேண்டும், எந்த வோல்டேஜில் சுட வைத்தாலும் அதே அளவுதான். 1500 வாட்ஸில் அது பதினேழரை நிமிஷ வேலை, 918 வாட்ஸில் ஏறக்குறைய 29 நிமிஷம். நீங்கள் சொன்ன கால் மணியும் அரை மணியும் அப்படியே வந்துவிட்டது பாருங்கள். பில் குறையாது, நேரம் நீளும்போது குளிர்காற்றில் கொஞ்சம் சூடு வீணாவதால் ஒரு துளி கூடவே ஆகும்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். ராடைக் கழற்றிய பிறகு பிளக்கின் பித்தளைக் கால்களைப் பாருங்கள், ஒரு காலின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகியிருந்தால் சாக்கெட் லூஸாகிவிட்டது என்று அர்த்தம். லூஸான இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே போதும். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, ஓமால் பெருக்கினால் சூடு: 6.5 பெருக்கல் 6.5 பெருக்கல் 0.5, அதாவது 21 வாட்ஸ். ரேடியோ கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான்! அந்தச் சூடு உங்கள் சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. உடனே 16 ஆம்பியர் சாக்கெட் மாற்றுங்கள். சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும்.

கேள்வி: சார், 100 வாட்ஸ் குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் 529 ஓம் வருகிறது. மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம்தான் காட்டுகிறது. எது தப்பு?
- பிளஸ் ஒன் மாணவர், பென்னாகரம்

பதில்: ரெண்டும் சரி தம்பி. நீ அளந்தது அணைந்து கிடக்கிற பல்பை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகிறது, அந்தச் சூட்டில் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். சுவிட்ச் போட்ட கணத்தில் மட்டும் உன் 40 ஓம்தான் நிஜம், அதனால்தான் பல்புகள் பெரும்பாலும் போடும்போதே 'டப்' என்று போகின்றன. ஹீட்டர் ராடில் இருப்பது நிக்ரோம் என்கிற நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பி, அதில் இந்த மாற்றம் கொஞ்சம்தான். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஓம் 1826-ல் சோதனை செய்தபோது, பேட்டரி நிலையாக நிற்கவில்லை என்று வெப்ப இரட்டையை (ரெண்டு வேறு உலோகங்களை இணைத்தது, முனைகளுக்குள் சூடு வித்தியாசம் இருந்தால் வோல்டேஜ் தரும்) பயன்படுத்தி, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து சீரான வோல்டேஜ் எடுத்தார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மாறாத ஒரே எண் வரும் என்கிற அவருடைய விதியும் வெப்பநிலை மாறாத கடத்திக்குத்தான், பாடப்புத்தகத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதே. அப்புறம், ஓம் அளக்கும்போது பல்பு ஹோல்டரில் இருக்கவே கூடாது.

கேள்வி: தக்காளித் தோட்டத்தில் ஒன்றரை எச்பி சிங்கிள் பேஸ் போர் மோட்டார். வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரும் இறங்கும் என்கிறார்கள். என் ஸ்டார்ட்டரில் 10 ஆம்பியர் 13-க்கு ஏறுகிறதே?
- விவசாயி, பாலக்கோடு

பதில்: உங்கள் மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது அண்ணா. ராடு கிடைத்ததை வைத்து வேலை செய்யும். மோட்டார் அப்படியில்லை, தண்ணீர் ஏற வேண்டிய ஆழம் அதேதான், வேகமும் ஏறக்குறைய அதேதான், அதனால் வோல்ட்டில் குறைந்ததை ஆம்பியரில் இழுத்துக்கொள்ளும். (மோட்டாருக்கு வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து காயில் தடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெருக்கினால் சரியான வாட்ஸும் வராது, பவர் ஃபேக்டர், அதாவது அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு நிஜ வாட்ஸ் என்கிற எண், குறுக்கே நிற்கும்.) 10 ஆம்பியர் 13 ஆனால் காயிலின் சூடு 1.7 மடங்கு, காயில் கருகுவது இப்படித்தான்.

மீட்டர் பெட்டியிலிருந்து போர் 100 மீட்டர் தள்ளி என்றால் ஒயரையும் பாருங்கள். 2.5 சதுர மில்லி செம்பு ஒயர் போக வர 200 மீட்டருக்கு ஒன்றரை ஓம். 10 ஆம்பியரில் 15 வோல்ட் வழியிலேயே தொலைகிறது, 13-ல் கிட்டத்தட்ட 20. நாலு சதுர மில்லி போட்டால் 10 ஆம்பியருக்கு 9 வோல்ட்தான் போகும். ஒயரை வெட்டாமல் வெளியே சுற்றிப் பிடித்து ஆம்பியர் பார்க்கிற கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒற்றை ஒயரில் மட்டும் மாட்டுங்கள், ரெண்டையும் சேர்த்துப் பிடித்தால் சைபர் காட்டும். மோட்டார் தகட்டில் போட்டிருக்கிற ஆம்பியரைத் தாண்டினால், பாத்தி பாதியில் நின்றாலும் பரவாயில்லை, நிறுத்திவிடுங்கள்.