வண்டிக்குள் அடுப்பு: வாசகர் கேள்விகளுக்கு ஒரு யாத்திரை சமையல்காரரின் பதில்கள்

கேள்வி: நானும் என் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வீடு மாதிரி மாற்றி, சில மாதம் அதிலேயே ஊர் சுற்றப் போகிறோம். 5 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வரும்? தீரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? (வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: திருப்பாதிரிப்புலியூரிலிருந்து யாத்திரை பஸ் கிளம்பும்போது டூர் முதலாளி என்னிடம் கேட்பதும் இதையேதான் அம்மா. எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எவ்வளவு தண்ணீர் கொதிக்கப்போகிறது என்று கேளுங்கள் என்பேன். நம்மூர்க் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் காற்றடிக்காத இடத்தில் கொதிக்க வைக்க 10 முதல் 12 கிராம் கேஸ் ஆகும். பெரிய பர்னரை முழுசாகத் திறந்துவிட்டால் மணிக்குச் சுமார் 150 கிராம். சிம்மில் வைத்தால் ஏறக்குறைய அதில் கால் பங்கு.

இரண்டு பேருக்குக் காலை மாலை காபி, டிபன், மதியம் குக்கர் சோறும் ஒரு குழம்பும், ராத்திரிக்கு ஏதோ கொஞ்சம் என்றால் நாளுக்கு 150 முதல் 200 கிராம் போகும். 5 கிலோ 25 நாளிலிருந்து ஒரு மாதம் வரை ஓடும். நெத்திலி வறுக்க ஆகிற கேஸ் ஒன்றுமேயில்லை. பருப்பை ஊறவைக்காமல் திறந்த பாத்திரத்தில் வேகவிடுகிறவர்களுக்குத்தான் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது குளியல். கடலூரில் 28 டிகிரியில் இருக்கிற 15 லிட்டர் தண்ணீரை வெதுவெதுப்பாக்க 35 கிராம் போதும். அதுவும் இங்கே யார் வெந்நீர் கேட்கிறார்கள்? மார்கழியில் ஊட்டிக்குப் போனால் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கே 75 கிராம் ஆகும். நீங்கள் இரண்டு பேர் குளிக்கிற கேஸில் இங்கே ஒரு நாள் சமையல் முடிந்துவிடும். மலையில் இருக்கிற நாட்களில் குளியலை லாட்ஜ் கணக்கில் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் கறுப்பு கேன் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வண்டிக் கூரையில் வெயிலில் வையுங்கள், பாதி வேலையைச் சூரியன் பார்த்துக்கொள்ளும்.

மிச்சம் எவ்வளவு என்று பார்க்கச் சிலர் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பார்கள், சிலர் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் வீண். பிரஷர் மீட்டரும் உதவாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் குறையாது, வெயிலுக்கும் குளிருக்கும்தான் ஏறி இறங்கும். கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பக்கம் வெற்று எடை எழுதியிருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சம் இருக்கிற கேஸ். வாரம் ஒருமுறை நிறுத்து, அடுப்புப் பக்கத்துக் காலண்டரிலேயே எழுதிவாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் கை எவ்வளவு செலவழிக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும். தராசு இல்லாத அவசரத்துக்கு ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். திரவம் இருக்கிற உயரம்வரை ஈரம் மெதுவாகக் காயும்.

காலியானால், அதே கம்பெனியின் ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும் 5 கிலோ சிலிண்டரை மாற்றிக்கொள்ளலாம். முதல்முறை வாங்க அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதற்கு ஏற்றித் தருகிறேன் என்று சந்துக்குள் கூப்பிடுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அது சட்டவிரோதம். அதைவிட, அங்கே எடையும் கிடையாது, சோதனையும் கிடையாது.

கேள்வி: சில்வர் பீச்சில் வண்டியை நிறுத்தினால் காற்று தீயைத் தள்ளுகிறது. மழை நாளில் சாரல் அடிக்கிறது. கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கலாமா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: கூடாது சார். காற்று வருகிற பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். பர்னரைச் சுற்றித் தகர மறைப்பு வைக்கலாம், ஆனால் சிலிண்டரையும் சேர்த்து அடைத்து மறைக்காதீர்கள். மூடிய வண்டியில் எரிகிற அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை விடும். அதற்கு வாசனை கிடையாது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வண்டிக் கூரை உள்ளே வியர்ப்பதும், மெத்தையில் பூஞ்சை பிடிப்பதும் அதனால்தான்.

இன்னொன்று. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தங்கும். அதனால் சிலிண்டர் நிற்கிற அறையின் அடியில் வெளியே திறக்கிற ஓட்டை இருக்கவேண்டும், கசிவு மணியைத் தரையை ஒட்டி மாட்டவேண்டும். வண்டி ஓடும்போதும், பெட்ரோல் பங்கிலும் ரெகுலேட்டர் மூடியே இருக்கட்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி ஏற்றிய சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் டூரில் பயணிகள் இறங்காமல் அடுப்புப் பற்றவைப்பதே இல்லை.

கேள்வி: வெளிநாட்டு வேன்களில் புரோபேன் என்கிறார்களே, நம் சமையல் கேஸ் மலைக்குளிரில் வேலை செய்யுமா? (வாசகர், பண்ருட்டி)

பதில்: செய்யும், கொஞ்சம் சோம்பேறித்தனமாக. நம்முடையது புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், பியூட்டேனுக்கு மைனஸ் 0.5 வேண்டும். குளிரில் புரோபேன்தான் முதலில் வெளியேறும். அதனால் கொடைக்கானலில் விடியற்காலையில், அதுவும் சிலிண்டர் கடைசிக்கு வந்துவிட்டால், தீ சிணுங்கும். அதற்காகச் சிலிண்டரைச் சாய்க்கவோ, வெந்நீரில் நிறுத்தவோ வேண்டாம். வெயில் ஏறும்வரை பொறுங்கள். இல்லாவிட்டால் மலை ஏறுமுன் அடிவாரத்திலேயே புதுச் சிலிண்டர் மாற்றிக்கொள்ளுங்கள்.