வெறும் ஜாடி – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

கல்லூரி முடித்துவிட்டு ஒளிப்பதிவு கற்க ஆசைப்படுகிறேன். உலகின் சிறந்த படங்களிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட காட்சிகளை ஸ்கிரீன்ஷாட்டாகச் செல்போனில் சேமித்து, தினமும் இரவில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் படிக்கிறேன். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘லேட் ஸ்பிரிங்’ படத்தில் வரும் ஜாடியை எல்லோரும் புகழ்கிறார்களே என்று படத்தை ஓட்டி ஓட்டித் தேடி அதையும் எடுத்து வைத்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாலும் வெறும் ஜாடியாகவே தெரிகிறது. என் ரசனையில் குறையா? மதுரைப் பக்கம் இப்போது நல்ல தியேட்டரும் இல்லை. கட்டாயம் பார்க்க வேண்டிய பத்துப் படங்களையும், எந்தக் கேமரா வாங்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆர்., திருமங்கலம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் ரசனையில் குறை இல்லை. நீங்கள் எடுத்து வைத்திருப்பது வெறும் ஜாடிதான்.

கேமராவைப் பற்றிக் கடைக்காரரிடம் கேளுங்கள். தியேட்டர் இல்லை என்ற புலம்பலையும் விட்டுவிடுங்கள். 1952இல் ‘பராசக்தி’ ஓடிய நம் தங்கம் தியேட்டரை இடித்தபோது நானும் கலங்கியவன்தான். ஆனால் ஓசு உங்கள் வீடு தேடி வந்திருக்கிறார். வந்தவரை உட்காரவைத்துப் பேசாமல் கூறுபோட்டு வைத்திருக்கிறீர்கள். என் கோபம் அதில்தான்.

சோழவந்தான் பக்கம் எங்கள் ஊரில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. ஓடும்போது பிலிம் அறுந்தால் ஆபரேட்டர் இரு முனைகளையும் வெட்டி ஒட்டுவார். வெட்டிப் போட்ட துண்டுகள் மறுநாள் காலை எங்களுக்கு. ஃபியூஸ் போன குண்டு பல்பின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலை வாங்கி இருட்டறைக்குள் திருப்புவான். பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் அப்பாவின் வேட்டியில் படம் நேராக விழும். ‘காகஸ் கே பூல்’ (1959) இந்திப் படத்துக்காக ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி ஸ்டூடியோவுக்குள் கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பினார் என்று பின்னாளில் படித்தபோது, எனக்கு எங்கள் வீட்டு வாசல்தான் கண்ணில் வந்தது.

என் பங்குக்கு ஒரு பெண்ணின் முகம் கிடைத்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, கண்கள் விரிந்து இருக்கும். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு கோடை முழுவதும் அந்தச் சிரிப்பைத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினேன். சில ஆண்டுகள் கழித்து மதுரையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மகன் இறந்த செய்தி அவள் காதில் விழும் நொடி அது. அலறல் வெளியே வருவதற்கு முந்தைய முகம். தியேட்டரில் எனக்கு உடம்பு கூசிவிட்டது.

சினிமாவில் நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 அசையாப் படங்கள். இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800. அதில் ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டு படிக்கிறேன் என்கிறீர்களே, எதைப் படிக்கிறீர்கள், தம்பி? மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ படத்தின் கடைசி ஆற்றைத் தனியே எடுத்தால் காலண்டருக்கு ஆகும். ஒருவன் அதில் இறங்கி மறைந்து, அவன் பிள்ளைகள் கரையில் நிற்கும்போது அதே தண்ணீரைப் பார்க்க முடியாமல் போகிறது.

அந்த ஜாடியும் அப்படித்தான். மனைவியை இழந்த அப்பா. அவரை விட்டுப் போக மனமில்லாத மகள். அவள் திருமணத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்பதற்காக, தானே மறுமணம் செய்துகொள்ளப் போவதாக அவர் பொய் சொல்லியிருக்கிறார். இருவரும் சேர்ந்து போகும் கடைசிப் பயணம் கியோட்டோவுக்கு. இரவு, விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. மகள் பேசிக்கொண்டே திரும்பினால் அப்பா தூங்கிவிட்டார். அவள் மேலே பார்த்துப் புன்னகைக்கிறாள். உடனே ஜாடி, பின்னால் காகிதக் கதவில் இலைகளின் நிழல். அப்பாவின் குறட்டை கேட்டுக்கொண்டே இருக்கிறது. மறுபடி அவள் முகம். புன்னகை போய்விட்டது, கண் கலங்கி நிற்கிறது. மறுபடி ஜாடி.

புன்னகை எப்போது போனது? நாம் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. துக்க வீட்டில் நம் ஊர்ப் பெரியவர்கள், அழுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் வாசலையோ தூணையோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா? ஓசுவும் அப்படிச் சற்று நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தச் சில நொடிகள் அவளுக்கு மட்டும் உரியவை. அதைப் பற்றி அறிஞர்கள் வேறு விதமாகவெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அது தூணைப் பார்க்கும் பார்வைதான்.

பத்துப் படங்கள் கேட்டிருந்தீர்கள். இந்த ஒன்றை முதலிலிருந்து பாருங்கள். அப்பா தூங்கியதும் உங்கள் விரல் நிறுத்துவதற்குப் போகும், விடாதீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். மற்ற ஒன்பதைப் பிறகு பேசலாம்.