வீடு விற்கவில்லை என்றால் இன்னொருவர் வீட்டோடு மாற்றிக்கொள்ளலாமா?

"எட்டு மாதமாக வீட்டை விற்கப் பார்க்கிறேன், வந்து பார்ப்பவர்கள் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. நான் போக வேண்டிய ஊரில் ஒருவர் இதே நிலைமையில் இருக்கிறார், அவருக்கு என் ஊருக்கு வர வேண்டுமாம். வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளலாமா, இல்லை ஏமாந்துவிடுவேனா?" இதுதான் கேள்வி.

மாற்றிக்கொள்ளலாம். நான் ஒருமுறை மாற்றியிருக்கிறேன். அதற்கு முந்தைய வருடம் ஒருமுறை மாற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

பெயர்தான் மாற்று, உள்ளே இருப்பது இரண்டு கிரயம். நீங்கள் அவருக்கு விற்கிறீர்கள், அவர் உங்களுக்கு விற்கிறார், இரண்டும் ஒரே நாளில். காசு கொடுத்து வாங்கும்போது என்னென்ன பார்ப்பீர்களோ, பத்திரம், வில்லங்கம், சுவர் ஈரம், கூரை ஒழுகல், கட்டாத வரி, அத்தனையையும் இதிலும் பார்க்க வேண்டும். இதில் குறைவது ஆள் வருவாரா என்று காத்துக் கிடக்கும் வேலை மட்டும்தான். ஆனால் மாற்று என்றதும் மனசு கொஞ்சம் இளகிவிடுகிறது. எதிரில் இருப்பவரும் நம்மைப் போலவே மாட்டிக்கொண்டவர், அவர் வீட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று கூச்சம் வரும். எனக்கு வந்தது. கூச்சத்தில் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்காமல் விட்டேன், முதல் மழையில் அதற்கு விலை கொடுத்தேன்.

அடுத்தது விலை. பணம் பெரிதாகக் கைமாறப் போவதில்லையே, எதற்கு விலை பேச வேண்டும் என்று தோன்றும். உண்மையில் இங்கேதான் பேச்சு முறியும். எல்லோரும் தன் வீட்டுக்கு நல்ல காலத்து விலையைச் சொல்வார்கள், எதிராளி வீட்டுக்கு இன்றைய விலையைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், அவரும் அப்படித்தான். இரண்டு வீட்டையும் ஒரே மதிப்பீட்டாளரிடம் காட்டி, கூலியை ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்ட பிறகுதான் பேச்சு நகர்ந்தது. வெவ்வேறு ஊர் என்றால் அந்தந்த ஊருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு பேரும் இன்றைய விலையைத்தான் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாற்றில் உங்களைப் பாதிப்பது வீட்டின் விலை அல்ல, இரண்டு விலைக்கும் நடுவே உள்ள வித்தியாசம். உங்கள் வீடு 100, அவர் வீடு 150 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். சந்தை 20 சதவீதம் இறங்கினால் 80, 120 ஆகிறது. வித்தியாசம் 50 இருந்தது 40 ஆகிவிட்டது. சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போகிறவருக்கு இது லாபம், பெரியதைக் கொடுத்துச் சின்னதுக்கு வருகிறவர் கையில் 10 குறையும். நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். இரண்டாவது பக்கம் என்றால் அவசரப்படாதீர்கள். இரண்டு ஊரிலும் ஒரே அளவுக்கு விலை இறங்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு, அதையும் கவனியுங்கள்.

இது புதுசும் இல்லை. சோவியத் யூனியன் இருந்த காலத்தில் அங்கே அரசாங்கக் குடியிருப்பை விற்க முடியாது, மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. அதனால் மூன்று, நான்கு குடும்பங்கள் சங்கிலி போட்டு மாறினார்கள். கியூபாவில் 2011 வரைக்கும் வீடு விற்பதற்குத் தடை இருந்தது, மாற்றிக்கொள்ள மட்டும் முடிந்தது. ஹவானாவில் பிராதோ என்ற சாலையில் ஜனங்கள் கூடி, கையில் அட்டை பிடித்து ஆள் தேடுவார்கள். வித்தியாசப் பணம் மறைவாகக் கைமாறும். அமெரிக்காவில் 2008 வாக்கில் வீட்டு விலை விழுந்தபோது இதற்கென்றே இணையதளங்கள் வந்தன. விலை திரும்ப ஏறியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. வாங்க ஆள் கிடைத்தால் யாரும் இந்தத் தலைவலிக்கு வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஏன் தலைவலி என்றால், உங்களுக்கு அவர் வீடு பிடிக்க வேண்டும், அவருக்கும் உங்கள் வீடே பிடிக்க வேண்டும். பண்டமாற்றில் உள்ள இந்தச் சிக்கலைப் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1875இலேயே எழுதியிருக்கிறார். நேராகப் பொருந்தாதபோது மூன்று பேராக வட்டம் போடலாம். நான் உன் வீட்டுக்கு, நீ அவர் வீட்டுக்கு, அவர் என் வீட்டுக்கு. ஷாப்லி, ஸ்கார்ஃப் என்ற இரண்டு பேர் 1974இல் இதை ஒரு கணக்காகவே போட்டார்கள், அதில் உதாரணமே வீடுதான். ஒவ்வொருவரும் தனக்கு ரொம்பப் பிடித்த வீட்டை நோக்கிக் கை காட்டினால் எங்காவது ஒரு வட்டம் கட்டாயம் உருவாகும், அந்த வட்டத்தில் உள்ளவர்கள் மாறிக்கொண்டு வெளியே போகட்டும், மிச்சப் பேர் திரும்பக் கை காட்டட்டும். தனக்கு ரொம்பப் பிடித்தது தன் வீடே என்றால் அவர் தன்னையே காட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார். பின்னாளில் சிறுநீரகம் மாற்றித் தரும் ஏற்பாடுகளுக்கும் இந்த யோசனை உதவியது.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. என் முதல் முயற்சி இந்த மூன்று பேர் வட்டம்தான். இரண்டு மாதம் பேசி, மதிப்பீடு செய்து, சாமான் கட்ட அட்டைப்பெட்டி வரைக்கும் வாங்கியாயிற்று. மூன்றாமவருடைய மகனுக்கு அவர்கள் இருந்த ஊரிலேயே வேலை கிடைத்தது, அவர் விலகினார், மூன்று பேர் கதையும் முடிந்தது. வழக்கறிஞருக்குக் கொடுத்தது, மதிப்பீட்டுக்குக் கொடுத்தது எல்லாம் போச்சு. அவர் மேல் தப்பில்லை, விலகினால் யார் செலவை ஏற்பது என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. நீங்கள் எழுதி வையுங்கள்.

கடன் இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் பேசுங்கள். வீடு மாறினாலும் அதோடு சேர்ந்து கடன் தானாக மாறாது. பெரும்பாலும் உங்கள் கடனை நீங்கள் அடைத்து, அவர் கடனை அவர் அடைத்து, தேவையானவர் புதுக்கடன் வாங்க வேண்டும், அதற்கு வங்கி உங்கள் இன்றைய வருமானத்தைத்தான் பார்க்கும். வீட்டின் இன்றைய விலையைவிடக் கடன் பாக்கி அதிகம் என்றால், குறைகிற பணத்தைக் கையிலிருந்து போட வேண்டும். மாற்று அந்தப் பள்ளத்தை மூடாது. "தவணையை நீ என் பெயரில் கட்டிக்கொண்டே வா, பத்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரி, முத்திரைக் கட்டணம் இரண்டிலும் மாற்றுதானே என்று தப்பிக்க நினைக்காதீர்கள். பல நாடுகளில் இதை விற்பனை மாதிரியே பார்க்கிறார்கள். அமெரிக்காவில் சொத்துக்குச் சொத்து மாற்றினால் வரியைத் தள்ளிப்போடும் 1031 என்ற பிரிவு உண்டு, ஆனால் அது தொழிலுக்கும் முதலீட்டுக்கும் வைத்திருக்கும் சொத்துக்குத்தான், குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. உங்கள் ஊர் விதியைக் கணக்காளரிடம் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒன்று நடக்காவிட்டால் மற்றதும் செல்லாது என்று தெளிவாக இருக்க வேண்டும், வித்தியாசப் பணம் இரண்டு கிரயமும் முடியும் வரை பொதுவான ஒருவரிடம் இருக்க வேண்டும். பதிவுக்கு முன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள், "ஒரு மாதம் இருந்து பார்க்கிறோம்" என்று கேட்டாலும் சரி. அப்படி இருந்தே ஆக வேண்டும் என்றால் தனியாக வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டு இருக்கட்டும்.

அப்புறம் சாமான் மாற்றும் நாள். இதை யாரும் சொல்வதில்லை. நாங்கள் கிளம்பிய அதே காலையில் அவர்களும் கிளம்ப வேண்டும், ஆனால் அவர்கள் காலி செய்யாமல் நாங்கள் இறக்க முடியாது. எங்கள் லாரி அவர்கள் வாசலில் நாலு மணி நேரம் நின்றது, உள்ளே அவர்கள் இன்னும் பீரோவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாள் சாமானை வைக்க ஓர் இடம் பார்த்து வையுங்கள். மின்விசிறி, திரைச்சீலைக் கம்பி, தண்ணீர் சூடாக்கும் கருவி இதெல்லாம் யாருக்கு என்றும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், ஏனென்றால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு அறையில் பல்பு கூட இல்லை. நாங்களும் சமையலறை அலமாரிக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தோம் என்பது வேறு விஷயம்.