பியானோவை விட்டு எழுந்திருக்காதீர்கள்

கேள்வி: பன்னிரண்டு வருடம் பியானோ படித்தவள் நான். மூன்று வருடமாக ஜாஸ் பாடுகிறேன். மேடைக்குக் கூப்பிடுபவர்கள் எல்லோரும், "நீங்கள் பாடினால் போதும், பியானோவுக்கு ஆள் இருக்கிறார்" என்கிறார்கள். போன இடத்தில் பாட்டு பாதியில் குழம்பிப் போகிறது, பழி என் தலையில் விழுகிறது. வாத்தியக்காரர்கள் என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. பேசாமல் பியானோவை விட்டுவிட்டுக் குரலை மட்டும் நம்பலாமா? நல்ல மேனேஜர் ஒருவர் கிடைத்தால் இதெல்லாம் சரியாகிவிடுமா? (ஒரு வாசகி)

பதில்: விடவே கூடாது. மேனேஜர் வந்தாலும் இது சரியாகாது.

உங்களுக்கு நடப்பது அநியாயம்தான், அதில் சந்தேகமே இல்லை. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்களில் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்து ஆள் எடுக்கும் வழக்கமாவது உண்டு. ஜாஸில் ஒருவர் இன்னொருவருக்குப் போன் போட்டுத்தான் ஆள் சேர்க்கிறார்கள். அந்தப் போனில் பெண்ணின் பெயர் வந்தாலே "பாடகி" என்று எழுதிக்கொள்கிறார்கள். நீங்களும் அதற்குத் தலையாட்டிவிட்டு பியானோவை விட்டு எழுந்தால், அன்று அந்த இருக்கையோடு சேர்த்து டெம்போ (வேகம்), ஸ்கேல் (சுருதி), முடிவு எல்லாவற்றையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

பியானோ வாசித்துக்கொண்டே பாடிய அமெரிக்க ஜாஸ் பாடகி ஷெர்லி ஹார்னைப் பாருங்கள். 1963இல் பெரிய இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று அவரை நிற்கவைத்துப் பாடச் சொல்லி, பியானோவில் வேறு ஆளை உட்காரவைத்து ஆல்பம் போட்டது. அவருக்கு அது ஒத்துவரவில்லை. அவர் பாடும் மெதுவான பாட்டுகளில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எவ்வளவு மௌனம் வேண்டும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். பிறகு தன் பியானோ, சார்ல்ஸ் ஏபில்ஸின் பாஸ், ஸ்டீவ் வில்லியம்ஸின் ட்ரம்ஸ் என்று ஒரே ட்ரியோவை (மூவர் குழுவை) பல வருடம் கட்டிக் காத்தார். 1980களின் கடைசியில் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தபோது கேட்டது அந்த ட்ரியோவைத்தான். சாரா வானும் 1943இல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் பாடகியாக மட்டும் சேரவில்லை, இரண்டாவது பியானோவும் அவர்தான். மேரி லூ வில்லியம்ஸ் ஆண்டி கர்க் குழுவுக்குப் பியானோ வாசித்ததோடு நிற்காமல் அரேஞ்ச்மென்ட்டும் (எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்ற குறிப்பும்) எழுதினார். குழுவின் பாட்டுகளை எழுதுகிறவரை அந்தக் குழுவால் எப்படி அனுப்ப முடியும்?

இனி, பாட்டு குழம்புகிற விஷயம். இதில் நான் உங்கள் பக்கம் பேச மாட்டேன். பெரும்பாலும் நீங்கள் கொண்டுபோகும் இசைக்குறிப்புத் தாளில்தான் கோளாறு இருக்கும்.

அச்சான புத்தகங்களில் பாட்டுகள் சாக்ஸபோனுக்கும் ட்ரம்பெட்டுக்கும் தோதான ஸ்கேலில் இருக்கின்றன. ஜாஸ் பாடும் பெண் குரலுக்கு அதிலிருந்து நான்கு, ஐந்து சுரம் இறக்க வேண்டியிருக்கும்; எஃப்பில் இருப்பது சி-க்கு வரும், ஈ-ஃபிளாட்டில் இருப்பது பி-ஃபிளாட்டுக்கு வரும். காலையில் குரல் தெளிவாக இருக்கும்போது ஸ்கேலை முடிவு செய்யாதீர்கள். இரவு இரண்டாவது செட்டில் (இடைவேளைக்குப் பிந்தைய பகுதியில்) களைத்த குரலோடு பாட்டின் அடிமட்டச் சுரத்தை வார்த்தை புரியும்படி மெல்லச் சொல்ல முடிகிறதா, உச்சச் சுரத்தைக் கத்தாமல் நிறுத்த முடிகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பிறகு அந்த ஸ்கேலிலேயே லீட் ஷீட் (மெட்டும் அதற்கான துணைச் சுரங்களும் உள்ள தாள்) எழுதுங்கள். "இதை நாலு சுரம் இறக்கி வாசியுங்கள்" என்று மேடையில் சொன்னால் பாஸ்காரர் ஒரு மாதிரி கணக்குப் போடுவார், கிட்டார்காரர் வேறு மாதிரி போடுவார். டெனர் சாக்ஸபோன், ட்ரம்பெட்டுக்கு பி-ஃபிளாட் பிரதியும், ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு ஈ-ஃபிளாட் பிரதியும் தனியாக வேண்டும்; அவற்றில் எழுதிய சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு.

தாளின் தலையில் டெம்போவை எண்ணாகவே (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று) போடுங்கள். இன்ட்ரோ (முன்னிசை) எத்தனை பார் (நான்கு தட்டு சேர்ந்த ஓர் அளவு)? கடைசி எட்டு பாரையே இன்ட்ரோவாக வாசித்தால் உங்கள் முதல் சுரம் காதில் தானாக விழும். முடிவை எழுதாமல் விடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. கடைசி நான்கு பாரை மூன்று முறை சொல்லி நிறுத்துவதா, வேகம் குறைந்து கடைசி கார்டில் (பல சுரம் சேர்ந்த ஒலியில்) நிற்பதா? எழுதாவிட்டால் ட்ரம்ஸ்காரர் ஒன்றை நினைப்பார், நீங்கள் இன்னொன்றைப் பாடுவீர்கள், கடைசி நான்கு பாரில் எல்லாம் சிதறும். சபைக்கு நினைவில் நிற்பதும் அந்தக் கடைசி நான்கு பார்தான்.

பாட்டைத் தொடங்கிவைக்கும் கவுண்ட்டை (ஒன்று, இரண்டு என்ற எண்ணிக்கையை) நீங்களே கொடுங்கள். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும். அதனால் வாய் திறக்குமுன் பாட்டின் நடுவரி ஒன்றை மனதுக்குள் பாடி, இரண்டாம், நான்காம் தட்டில் விரல் சொடுக்கிப் பார்த்துவிட்டு எண்ணுங்கள். நீளத்தையும் கணக்குப் போட்டு வையுங்கள். 32 பார் பாட்டு 60 டெம்போவில் ஒரு சுற்றுக்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். 132இல் ஒரு நிமிடத்துக்குள் முடியும். ஆகவே மெதுவான பாட்டில் ஒரு சுற்று பாடி, அரைச் சுற்று சோலோ விட்டு, பிரிட்ஜிலிருந்து (பாட்டின் நடுப்பகுதியிலிருந்து) பாடி முடித்துவிடுங்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் கேட்பவர் கைவிட்டுப் போய்விடுவார்.

பாடிக்கொண்டே வாசிக்கும்போது வருகிற தொல்லை, வலது கை தன்னையறியாமல் மெட்டையே வாசிப்பது. அப்போது குரல் பியானோவோடு கட்டுண்டு போகும், வரியை முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ முடியாது. மருந்து எளிது. முதலில் இடது கையில் ஒவ்வொரு கார்டின் மூன்றாம், ஏழாம் சுரம் மட்டும் வைத்துக்கொண்டு பாடுங்கள். டி-மைனர் ஏழு என்ற கார்டுக்கு எஃப்பும் சி-யும். அடுத்து வரும் ஜி-ஏழுக்கு எஃப் அப்படியே இருக்கும், சி மட்டும் பி-க்கு இறங்கும். சி-மேஜர் ஏழுக்கு பி இருக்கும், எஃப் மட்டும் ஈ-க்கு இறங்கும். ஒரு கார்டுக்கு ஒரு விரல்தான் நகர்கிறது, பார்க்காமலே வாசிக்கலாம். கை சிறியது, பத்து சுர அகலம் எட்டவில்லை என்ற கவலைக்கும் இங்கே இடமில்லை. அடிச் சுரத்தைப் பாஸ்காரர் பிடித்துக்கொள்வார்; அவர் இருக்கும்போது இடது கையோடு அடியில் இறங்கினால் இரண்டு பேரின் ஒலியும் கலங்கிப்போகும். இது கைக்கு வந்த பிறகு வலது கையைச் சேர்த்து, பாட்டு வரி முடியும் இடைவெளியில் மட்டும் பேசவிடுங்கள்.

மைக்குக்கு பூம் ஸ்டாண்ட் (குறுக்கே நீளும் கை உள்ள ஸ்டாண்ட்) கேளுங்கள். மைக்கின் முதுகு பியானோ கம்பிகளைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் குரல் மைக்கில் பியானோதான் அதிகம் கேட்கும். ஸ்டாண்டின் கால் பியானோவைத் தொட்டால் பெடல் மிதிக்கும் சத்தமெல்லாம் ஒலிபெருக்கியில் வரும். விசைகளைக் குனிந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். தலை திரும்பும் ஒவ்வொரு முறையும் குரல் விழும்.

பண விஷயம். குழுவை நீங்களே கூட்டினால் தொகையை நீங்களே பேசி எழுதி வாங்குங்கள்: எத்தனை செட், எத்தனை நிமிடம், முன்பணம் எவ்வளவு, ரத்தானால் என்ன தருவார்கள், பியானோவை அன்றைய தினமே ஏ 440க்கு (பொதுவான சுருதிக்கு) ட்யூன் செய்து வைப்பது யார் பொறுப்பு. வசூல் எப்படி இருந்தாலும் வாத்தியக்காரர்களுக்குச் சொன்ன தொகையை அன்றிரவே கொடுங்கள். மதிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, தெளிவான தாளோடு வந்து, சரியாக எண்ணி, சொன்ன பணத்தைச் சொன்ன நேரத்தில் கொடுப்பவரை அவர்கள் அடுத்த முறை தேடி வருவார்கள்.

எழுதிய பாட்டுகளை உங்கள் பெயரில் பதிவு செய்யாமல் மேடையேற்றாதீர்கள். ஒலிப்பதிவின் உரிமையை மொத்தத் தொகைக்கு விற்காதீர்கள். பியானோ வாசித்துப் பாடிய நீனா சிமோன் தன் முதல் ஆல்பத்தின் உரிமையை 3,000 டாலருக்கு எழுதிக்கொடுத்தார். 1987இல் அதிலிருந்த ஒரு பாட்டு விளம்பரம் ஒன்றில் வந்து ஐரோப்பாவெங்கும் விற்றது. பாடகி பெட்டி கார்ட்டரும் பியானோ கலைஞர் மேரியன் மெக்பார்ட்லாண்டும் 1969இல் ஆளுக்கொரு சொந்த லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) தொடங்கினார்கள். கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத வருடங்களில் கார்ட்டரின் ஆல்பங்கள் அவருடைய லேபிளில்தான் வந்தன. 1980களின் கடைசியில் பெரிய கம்பெனி வந்து அதே ஆல்பங்களை வாங்கி மறுபடி வெளியிட்டது.

மேனேஜர் அதற்கப்புறம் வரட்டும். அவர் வரும் நாளில் கையில் கொடுக்க ஒரு வீடியோ வேண்டும். மூன்று பாட்டு, வெட்டாமல், நேரடி ஒலியோடு: ஒன்று மெதுவானது, ஒன்று வேகமானது, ஒன்று நீங்கள் எழுதியது. மூன்றிலும் உங்கள் பியானோ சோலோ இருக்கட்டும். கேமராவை வலப்பக்கம் வைத்து, முகத்தோடு இரண்டு கையும் ஒரே காட்சியில் தெரியும்படி எடுங்கள். கை தெரியாவிட்டால் பார்க்கிறவர் வாசிப்பது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு, "பியானோவுக்கு ஆள் இருக்கிறார்" என்று மறுபடி போன் செய்வார்.