கிரீன்ஸ்டெட்டின் மரச்சுவர்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பக்கம் உள்ள கிரீன்ஸ்டெட் கிராமத்து ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) தேவாலயம் கி.பி. 845இல் மரத்தால் கட்டப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். லண்டனில் இருக்கும் என் மகள் சென்ற மாதம் போய்ப் பார்த்தாள். 11ஆம் நூற்றாண்டு என்றுதான் அங்கே சொன்னார்களாம். எது சரி? மரம் அத்தனை காலம் நிற்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் கேட்டு வந்ததுதான் சரி. நான் பழைய கணக்கை எழுதிவிட்டேன், மன்னியுங்கள். 1960இல் மர வளையங்களை (ஆண்டுக்கு ஒன்றாக மரத்துக்குள் விழும் கோடுகளை) வைத்து 845 என்றார்கள். 1995இல் மறுபடி ஆராய்ந்ததில், அந்த மரங்கள் 1063க்கும் 1108க்கும் இடையில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. பட்டையை ஒட்டிய வெளிமரம் போய்விட்டால் கடைசி வளையங்களும் போய்விடும். வெட்டிய ஆண்டை அதற்குமேல் நெருங்க முடியாது.

இருநூறு ஆண்டு குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சுவரைப் பாருங்கள். ஓக் மரத்தை நெடுக்கப் பிளந்து, உருண்ட முகம் வெளியே, தட்டை முகம் உள்ளே வருமாறு வரிசையாக நட்டிருக்கிறார்கள். கட்டைகளின் பக்கவாட்டில் காடி, அதாவது நீளப் பள்ளம் எடுத்து, அடுத்தடுத்த இரண்டையும் கவ்வும்படி மெல்லிய ஓக் சட்டத்தைச் செருகியிருக்கிறார்கள். காற்றும் மழையும் புகாது. உட்புறத்தில் வாய்ச்சி என்ற தச்சுக் கருவியால் செதுக்கிய தழும்புகள் இன்றும் தெரிகின்றன. பெயர் தெரியாத ஒரு தச்சரின் கைவீச்சு அது. எனக்கு ஆண்டுக் கணக்கைவிட அதுதான் பெரிது.

மரம் நிற்குமா என்றால், வைரம் பாய்ந்த ஓக் நிற்கும். ஈர மண்ணில்தான் நிற்காது. இங்கும் அடி இற்றுப்போனது. 1848 வாக்கில் நடந்த பழுதுபார்ப்பில் கட்டைகளின் அடியை அறுத்துவிட்டு, செங்கல் வரிசைமேல் நிறுத்தினார்கள். பலிபீடப் பகுதி, டியூடர் அரச வம்சம் இங்கிலாந்தை ஆண்ட காலத்துச் செங்கல். ஆங்கிலிகன் சபையே 1534இல் மன்னர் எட்டாம் ஹென்றி போப்பின் ரோமத் திருச்சபையிலிருந்து பிரிந்த பிறகு வந்ததுதான். கட்டடம் அதற்கும் நாலரை நூற்றாண்டு மூத்தது.

இன்னொன்று. தொழிற்சங்கம் சேர்ந்து சத்தியம் செய்ததற்காக 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ‘டோல்பட்டில்’ என்ற இங்கிலாந்துக் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேரில் சிலர், மன்னிப்புப் பெற்றுத் திரும்பி இந்தப் பக்கம்தான் குடியேறினார்கள். அவர்களில் ஜேம்ஸ் பிரைனுக்கு 1839இல் திருமணம் நடந்தது இந்தத் தேவாலயத்தில்தான்.

மகள் மறுபடி போனால், வெளியே குனிந்து கட்டையும் செங்கல்லும் சேரும் இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.