பாக்கெட் கேமராவும் பக்கத்துப் பித்துகளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அலமாரியை ஒழித்தபோது அண்ணன் 2007 வாக்கில் வாங்கிய காம்பாக்ட் கேமரா கிடைத்தது. 7 மெகாபிக்சல்தான். என் போனிலோ 50. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய, யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?

பதில்: கொடுப்பதென்றால் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொஞ்ச நாள் பையில் போட்டுக்கொண்டு திரிந்து பாருங்கள். போனோடு மட்டும் போட்டிக்கு நிறுத்தாதீர்கள், தோற்றுவிடும். அந்தக் காலத்துச் சின்னக் கேமராக்களில் பெரும்பாலும் இருந்தது 1/2.5 அங்குலம் என்று பெயர் சொல்லும் சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சிப்), உண்மை அளவு சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் உயரம்தான். இன்றைய நல்ல போன்களின் முக்கியக் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது, அதற்கு மேல் நீங்கள் ஒரு தடவை தொட்டால் அது பல படங்களை எடுத்துக் கலந்து, இருட்டைத் தூக்கி, வானத்தை அடக்கி, எல்லாம் சரிசெய்து கையில் கொடுத்துவிடுகிறது. பழைய கேமரா ஒரே ஒரு படம்தான் எடுக்கும், அதில் வானம் வெளுத்தால் வெளுத்ததுதான்.

ஆனால் அதனிடம் நிஜமாகவே முன்னும் பின்னும் நகர்கிற ஜூம் லென்ஸ் இருக்கிறது, அரைவாசி அழுத்தி நிறுத்தக்கூடிய ஷட்டர் பொத்தான் இருக்கிறது, சின்ன எல்இடி இல்லாமல் உண்மையான செனான் ஃபிளாஷ் இருக்கிறது. (நடுவில் அழைப்பு வராது என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.) மெகாபிக்சல் கவலையே வேண்டாம். 7 மெகாபிக்சல் என்றால் வழக்கமாக 3072க்கு 2304 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டாலே 10 அங்குல அகலத்துக்குப் படம் வரும். அதைவிடப் பெரிதாகக் கடைசியாக எப்போது பிரிண்ட் போட்டீர்கள்?

கேள்வி: சிசிடி என்ற பழைய வகை சென்சார் உள்ள கேமராவில்தான் ஃபிலிம் மாதிரி கலர் வரும் என்கிறார்களே, அப்படிப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: இந்தக் கேள்வி மட்டும் இந்த முறை நிறைய பேரிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சிசிடி 1969ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கியது, அதற்காக 2009ல் இயற்பியல் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. மரியாதைக்குரிய பொருள், சந்தேகமில்லை. ஆனால் சிசிடியோ, பின்னால் பரவலான சிமாஸ் வகையோ, சென்சாருக்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதுதான். நிறம் என்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளும், கேமராவுக்குள் இருக்கும் சிப் அந்த எண்களை ஜேபெக்காக மாற்றும்போது நிறுவனம் சொல்லிக் கொடுத்த கணக்கும் சேர்ந்து செய்யும் வேலை.

நீங்கள் மயங்குகிற அந்தப் பழைய சாயல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்து முகத்தில் நேராக அடிக்கிற ஃபிளாஷ், சட்டென்று வெள்ளையாகிவிடும் வெளிச்சப் பகுதிகள், நிழலில் கொரகொரப்பு, கொஞ்சம் தூக்கலான சிவப்பும் நீலமும், ஓரங்களைக் கீறிவிட்டது போன்ற கூர்மை. இத்தனையும் அந்தக் காலத்துச் சிமாஸ் கேமராவிலும் கிடைக்கும். சிசிடிக்கே உரிய ஒரு அடையாளம் உண்டென்றால், சூரியனையோ விளக்கையோ நோக்கித் திருப்பினால் திரையிலும் வீடியோவிலும் மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு விழும், அதை யாரும் அழகென்று சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே சென்சார் பெயரைச் சொல்லி விலையை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள். அந்த மாடலில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள்.

கேள்வி: 64 ஜிபி கார்டு போட்டேன், கேமரா ‘கார்டு பிழை’ என்கிறது. கார்டு போலியா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் கேமராவின் வயது மேல்தான் வர வேண்டும். தொடக்ககால எஸ்டி கார்டுகள் 2 ஜிபி வரைதான். 2006ல் எஸ்டிஹெச்சி வந்து அதை 32 வரை கொண்டுபோனது, 2009ல் எஸ்டிஎக்ஸ்சி வந்தது, உங்கள் 64 அந்த மூன்றாவது வகை. பழைய கேமராவுக்குப் பின்னால் வந்ததைப் படிக்கத் தெரியாது. 2 ஜிபி கார்டு தேடி வாங்குங்கள், 7 மெகாபிக்சல் ஜேபெக் பல நூறு அதில் கொள்ளும். வாங்கியதும் கம்ப்யூட்டரில் இல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் சிலவற்றில் எக்ஸ்டி பிக்சர் கார்டு என்று வேறொரு வகை உண்டு, அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அந்தக் கேமராக்களைக் கார்டோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டும் வாங்கலாம்.

கேள்வி: ராத்திரி வீட்டுக்குள் எடுத்தால் எல்லாப் படமும் கலங்கல். ஃபிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு. என்ன வழி?

பதில்: முதல் காரியம், ஜூமைத் தொடாதீர்கள். ஜூம் செய்யாதபோது எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) இருக்கும் லென்ஸ் முழு ஜூமில் 5க்கும் மேலே போய்விடும். 2.8க்கும் 5.6க்கும் உள்ளே வரும் ஒளியில் நான்கு மடங்கு வித்தியாசம். ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் காலால் நடந்து கிட்டே போங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, 400க்கு மேல் விடாதீர்கள், விட்டால் மண்ணை அள்ளித் தூவிய மாதிரி ஆகும் (சிலருக்கு அதுவே பிடிக்கிறது, அவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்). பொருட்களை எடுப்பதாக இருந்தால் கேமராவை மேசை மேலோ புத்தக அடுக்கின் மேலோ வைத்து 2 நொடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

மனிதர்களுக்கு ஃபிளாஷ் வேண்டியதுதான். ஆனால் மெனுவில் ஸ்லோ சிங்க் என்றோ நைட் போர்ட்ரெய்ட் என்றோ ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்திருந்து அறையின் வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும், ஃபிளாஷ் முகத்தை மட்டும் உறைய வைக்கும், பின்னணி கறுப்புச் சுவராகாது. ஃபிளாஷின் பலத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் டிஷ்யூ பேப்பரை ஒரு மடிப்பு மடித்து அதன் முன்னால் பிடியுங்கள். இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் இந்தச் சின்ன ஃபிளாஷ் பெரிதாக எதுவும் செய்யாது, மேடையில் ஆடுகிறவர்களை கேலரியிலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, இது நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. இந்த ஃபிளாஷுக்கு உண்மையான வேலை பகலில்தான். பெரிய கேமராக்களில் ஷட்டர் என்பது சென்சாருக்கு முன்னால் ஓடும் இரண்டு திரைகள், 1/250 நொடிக்கு மேல் வேகம் போனால் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை, அதனால் சாதாரண ஃபிளாஷ் படத்தின் ஒரு பட்டையில்தான் விழும். பல காம்பாக்ட் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக இருக்கிறது, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. உச்சி வெயிலில், சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கும்போது, ஃபிளாஷை ஆட்டோவில் விடாமல் கட்டாய ஆன் செய்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்துப் பாருங்கள். முகமும் தெரியும், வானமும் நீலமாக நிற்கும். பெரிய கேமராக்காரர்கள் இதற்குத் தனி ஃபிளாஷ், தனி ஏற்பாடு என்று சுமந்துகொண்டு அலைகிறார்கள்.

கேள்வி: பொத்தானை அழுத்தி, படம் விழுவதற்குள் குழந்தை ஓடிவிடுகிறது.

பதில்: தாமதத்தில் பெரும்பங்கு ஃபோகஸ் தேடுவதில் போகிறது. குழந்தை வரப்போகும் இடத்தின் தூரத்தில் இருக்கும் எதையாவது பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்தி அப்படியே வைத்திருங்கள். குழந்தை அங்கே வந்ததும் மீதிப் பாதி. ஃபிளாஷில் கண் சிவப்பாவதைத் தடுக்கும் ரெட் ஐ வசதியையும் அணைத்துவிடுங்கள், அது முன்கூட்டியே மினுக்கி நேரத்தைத் தின்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறது.

பதில்: உள்ளே கடிகாரத்துக்கென்று குட்டி பேட்டரி இருக்கிறது. சில மாடல்களில் அது நாணய வடிவில், மாற்றக்கூடியது. மற்றவற்றில் முக்கிய பேட்டரியிலிருந்து தானே ஏற்றிக்கொள்ளும், நிறைய நாள் சும்மா கிடந்தால் தீர்ந்துபோகும். சார்ஜான பேட்டரியை ஒரு நாள் முழுக்க உள்ளே விட்டுவிட்டுப் பாருங்கள். அப்புறமும் கேட்டால், பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. வீடியோ பார்த்து நானே பிரித்துச் சரிசெய்யலாமா?

பதில்: வேண்டாம். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் இருக்கும். லென்ஸ் குழாயைச் சுற்றி இருக்கும் இடுக்கில் மணல் மாட்டியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், முழு சார்ஜ் உள்ள பேட்டரி போட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். பலவீனமான பேட்டரியாலும் லென்ஸ் பாதியில் நிற்கும். அதற்கும் அசையவில்லை என்றால் ரிப்பேர் தெரிந்தவரிடம் போங்கள்.

கேள்வி: நல்ல போட்டோகிராஃபர் ஆக எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: சார்ஜ் உள்ளது.

கேள்வி: என் பெண்ணுக்குக் களிமண் பொம்மைகளை வைத்து ஸ்டாப் மோஷன் படம் எடுக்க ஆசை. பழைய காம்பாக்ட் போதுமா?

பதில்: தாராளமாக. சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டம் நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். 10 நொடிக் கதைக்கு 120 படம் ஆகிறது, ஒரு விடுமுறை நாள் ஓடிவிடும். படத்தின் அளவைக் குறைத்து வைத்தாலும் 1920 புள்ளி அகலம் இருந்தால் போதும். மினுமினுப்புதான் இதில் பெரிய எதிரி. ஜன்னலை மூடிவிட்டு ஒரே மேசை விளக்கில் எடுக்கட்டும், வெண்சமநிலையை (வைட் பேலன்ஸ், விளக்கின் நிறத்துக்கேற்ற சரிக்கட்டல்) ஆட்டோவில் விடாமல் பல்பு சின்னத்தில் வைக்கட்டும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவை, பூட்டும் வசதி இல்லையென்றால் ஒரு குறுக்குவழி: சில கேமராக்களில் உள்ள பனோரமா முறை, முதல் படத்தின் எக்ஸ்போஷரையே அடுத்தடுத்த படங்களுக்கும் வைத்துக்கொள்ளும். சின்னக் காட்சிக்கு அது உதவும். உங்களுடையது கேனன் என்றால் சிஹெச்டிகே என்ற இலவச மென்பொருளைத் தேடுங்கள், பல பழைய மாடல்களில் கார்டிலிருந்தே ஓடி, ரா கோப்பு (சென்சார் தந்த எண்கள் அப்படியே) முதல் தானியங்கி இடைவெளிப் படம் வரை சேர்த்துக் கொடுக்கும், கேமராவின் சொந்த மென்பொருளை அழிப்பதில்லை.

கேள்வி: மினி டிவி (MiniDV) கேம்கார்டர் டேப்புகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவசரமா?

பதில்: அவசரம்தான். டேப்பைவிட அதை ஓட்டுகிற கேம்கார்டர்கள் வேகமாகக் குறைந்து வருகின்றன. ஓடுகிற ஒன்றையும், ஃபயர்வயர் என்ற இணைப்புக் கம்பியை வாங்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் பிடியுங்கள். ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரம் ஆகும், அதில் வேகம் கூட்ட வழியில்லை, இடமும் மணிக்கு 13 ஜிபி பிடிக்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பி வழியாக எடுத்தாலும் படம் வரும், ஆனால் டேப்பில் இருக்கும் டிஜிட்டல் தரவு அப்படியே வராது. முக்கியமான டேப்பை முதலில் போடாதீர்கள், போனால் போகட்டும் என்கிற ஒன்றைப் போட்டு மெஷின் டேப்பைத் தின்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தவறுதலாகக் கார்டு முழுவதையும் அழித்துவிட்டேன். அவ்வளவுதானா?

பதில்: கேமராவை அணைத்து, கார்டை உடனே வெளியே எடுங்கள். ‘அழி’ என்றால் பல கேமராக்களில் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், படத்தின் தரவு அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். கம்ப்யூட்டரில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். கோப்புப் பெயர்கள் திரும்ப வராது, படங்கள் பெரும்பாலும் வந்துவிடும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள்.